ஒரு கட்டை கீழே

ஜூலை 6, ஞாயிறு

இந்த டைரி பேங்க்ல சும்மா குடுத்தது. புது வருஷத்துல இருந்து பருப்பு டப்பாவுக்கு அடியில கிடந்துது. இன்னைக்கு எதுக்கு எடுத்தேன்னா, யார்கிட்டயாவது கத்தணும் போல இருக்கு. இவுககிட்ட கத்துனா பேப்பரை இன்னும் கொஞ்சம் உசத்திப் பிடிச்சுக்கிடுவாக. அதான் உங்கிட்ட கத்துதேன்.

எங்க வேதக்கோயில்ல புதுசா ஒருத்தர் ஆர்கன் வாசிக்காரு. சுருதியே சேரல. எந்தக் கீர்த்தனையை எடுத்தாலும் இறங்கி, நனைஞ்ச துணி கொடியில தொங்குத மாதிரி கேக்கு. இந்தப் பாளையங்கோட்டையில வீட்டுக்கு ஒரு ஆளு ஆர்கன் படிச்சிருக்கு, இவரை எங்க போயி பிடிச்சாங்களோ. வெளிய வந்ததும் இவுககிட்ட சொன்னேன். நல்லாத்தானே இருந்துதுன்னாக. இவுக மின்சார வாரியத்துல ரிட்டயர் ஆனவுக. டிரான்ஸ்பார்மர் முனங்குனா எந்த லைன்ல கோளாறுன்னு சொல்லிருவாக. பாட்டுன்னா எல்லாம் ஒரே பாட்டுதான் அவுகளுக்கு.

மத்தியானம் கறிக்குழம்பு கொதிக்கும்போது சுடலைமணி அண்ணன் வந்தாக. நான் சின்ன வயசுல வாசிச்ச தென்பொதிகை மெல்லிசைக் குழு அவுகளோடதுதான். டிரம்ஸ் அடிப்பாக. பேத்திக்குக் கல்யாணமாம், ஆகஸ்ட் 29 ராத்திரி ரிசப்ஷனாம். வெளி ஆர்க்கெஸ்ட்ரா வேண்டாம், நம்ம ஆளுகளே வாசிக்கணும்னு ஒரே பிடிவாதம். ஆளு எங்க இருக்கு? டிரம்ஸுக்கு அவுக, கிட்டாருக்கு ஐசக் அண்ணன், பாடதுக்கு காந்திமதி அக்கா, கீபோர்டுக்கு நான். மத்த பேரெல்லாம் போய்ச் சேந்தாச்சு, இல்லைன்னா சென்னையில இருக்காங்க.

முடியாதுன்னுட்டேன். கல்யாணம் ஆகி இவுக பின்னால ஊர் ஊரா மாத்தலாகிப் போனதோட அதெல்லாம் முடிஞ்சுபோச்சு அண்ணேன்னேன். அண்ணன் ரெண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டுட்டுக் கிளம்பிட்டாக. வாசல் வரைக்கும் போயி, என்ன கீபோர்டு அண்ணே வச்சிருக்கீகன்னு கேட்டது நான்தான். அது சும்மா கேட்டது.

ஜூலை 9, புதன்

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிச்சேன். உரிச்சு முடிச்ச பிறகும் கை சாப்பாட்டு மேஜையை விட்டு வரல. விரல் அதுபாட்டுக்கு ஓடுது. மேஜை ஆடி டம்ளர் விழுந்துச்சு. இவுக எட்டிப் பாத்துட்டு, முடியாதுன்னு சொன்னியே, அது எந்த விரலுக்குன்னு கேட்டாக. எழுந்து துணி துவைக்கப் போயிட்டேன்.

எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. பாவாடை கட்டுன காலத்துல கோயில் ஆர்கனை மிதிச்சு மிதிச்சு, கேட்டதை அப்படியே வாசிச்சுப் பழகுனது. வலது காது சின்னதுலயே சீழ் வச்சு முக்கால்வாசி போயிட்டு. இடது காது ஒண்ணுதான். ஆனா அந்த ஒரு காது போதும் எனக்கு. செங்கோட்டை பாசஞ்சர் கூவுனா எந்தக் கட்டையில, எந்தச் சுருதியில கூவுதுன்னு சொல்லுவேன். குழுவுல எல்லாரும் 'சலோமி காது'ன்னு அதுக்குத் தனியாப் பேரு வச்சிருந்தாங்க.

அந்தக் காலத்துல சுடலைமணி அண்ணன் குழுவுக்கு வரச் சொல்லிக் கேட்டப்போ எங்கப்பா, பொம்பளப் பிள்ளையை மேடை மேடையா அனுப்ப முடியாதுன்னு கதவைச் சாத்திட்டாக. மறுநாள் காந்திமதி அக்கா தனியா வந்தா. நான் பாடுத மேடையில உங்க பிள்ளை உக்காந்தா என்ன தேய்ஞ்சு போயிருவான்னு நேருக்கு நேரா கேட்டா. அப்பா போகச் சொல்லிட்டாக. அதுக்கப்புறம் எட்டு வருஷம். கோயில் கொடை, கல்யாணம், பொருட்காட்சி, எல்லாம். பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல, இடது காது அது பக்கம் இருக்க மாதிரி நாற்காலியைப் போட்டுக்கிடுவேன். அப்பதான் முழுசாக் கேக்கும். எங்ககிட்ட ஃப்ளூட் கிடையாது, வயலின் கிடையாது, வீணை கிடையாது. எல்லாமே நான்தான். அம்பாசமுத்திரத்துல ஒரு தடவை மழை வந்து எல்லாரும் ஓடுனாங்க. நான் கீபோர்டைச் சேலையால மூடிக்கிட்டு உள்ள கையை விட்டு வாசிச்சேன். அக்கா நனைஞ்சுக்கிட்டே பாடுனா. ஒரு ஆளு எந்திரிச்சுப் போகல.

அதை இப்ப எதுக்கு எழுதுதேன்? துணி காயப்போடணும்.

ஜூலை 14, திங்கள்

ஆட்டோவுல சுடலைமணி அண்ணன் அனுப்புன கீபோர்டு வந்திறங்கிட்டு. நான் வரச் சொல்லல. இவுக அதை இஸ்திரிப் பலகை மேல தூக்கி வச்சு, உயரத்தை எல்லாம் அளந்து, வயரைச் சுவரோரமா ஒதுக்கிக் குடுத்தாக. சொல்லாமச் செய்யுத மனுசன்தான், ஆனா சிரிச்சுக்கிட்டே செய்யும்போதுதான் எரிச்சலா வரும்.

உக்காந்து முதல் கட்டையைத் தொட்டேன். இறங்கிக் கேட்டுது. ஒரு முழுக் கட்டை இறங்கி. அடாப்டர் சரியில்லையோன்னு மாத்திப் பாத்தேன். ஜங்ஷன்ல இருந்து ரிப்பேர்காரரை வரவச்சேன். அவரு திறந்து பாத்துட்டு ஒண்ணும் கோளாறு இல்லம்மான்னுட்டாரு. ஒண்ணும் இல்லையாம். முப்பது வருஷத்துல இவங்க கீபோர்டு செய்யவே மறந்துட்டாங்க போல.

நல்லவேளை, சுருதியை ஏத்தி இறக்க பட்டன் இருக்கு. எனக்கு வெள்ளைக் கட்டைதான் கைக்குப் பழக்கம். எந்தச் சுருதியா இருந்தாலும் பட்டனைத் தட்டிட்டு, விரலை ஒரே மாதிரி வச்சு வாசிக்கிறவ நான். அதனால ஒரு கட்டை ஏத்தி வச்சேன். இப்ப காதுக்குச் சரியா இருக்கு. ரெண்டு மணி நேரம் வாசிச்சேன், சோறு குழைஞ்சுபோச்சு. சந்தோசமா இருந்துது. இதை இவுககிட்ட சொல்லமாட்டேன்.

ஜூலை 19, சனி

காந்திமதி அக்காகிட்ட போன்ல பேசுனேன். டவுன்ல மகன் வீட்டுல இருக்கா. அவளுக்குத் தைராய்டு கட்டி எடுத்து ரெண்டு வருஷம் ஆகுதாம். எனக்குத் தெரியாது. கழுத்துல கத்தி வச்ச பிறகு பாடவே இல்லையாம், பாத்ரூம்ல கூட. டாக்டர் பேச்சு வந்துரும்னு சொன்னாராம், பாட்டைப் பத்தி இவளும் கேக்கல, அவரும் சொல்லல.

"ஒரே ஒரு தடவை என் பழைய அஞ்சு கட்டையில நின்னு பாடிப் பாக்கணும்ட்டி. வந்தா வந்துது. வரலைன்னா வாயை மூடிக்கிட்டு மிச்ச காலத்தை ஓட்டுவேன். ஆனா தெரியணும்."

அதான் சுடலைமணி அண்ணன் கேட்டதும் சரின்னிருக்கா. நானும் சரின்னுட்டேன். அக்காவுக்காகத்தான். போன்ல அவ குரல் கொஞ்சம் கனத்து, கீழே இறங்கித்தான் கேட்டுது. பாவமா இருந்துது.

ஜூலை 27, ஞாயிறு

பேட்டையில அண்ணன் வீட்டு மாடியில முதல் ஒத்திகை. எல்லாரும் கிழடு தட்டிப்போயிருக்கோம். ஐசக் அண்ணனுக்குக் கண்ணாடி ரெண்டு, ஒண்ணு மூக்குல, ஒண்ணு நெத்தியில. அக்கா பச்சைச் சேலை கட்டி, கழுத்துத் தழும்பை மறைக்க அட்டிகை போட்டு வந்திருந்தா. என்னைக் கட்டிப்பிடிச்சதும் அழுதுட்டேன்.

எங்க குழுவுல எப்பவும் கீபோர்டு சொல்லுததுதான் சுருதி. மத்தவங்க அதுக்குச் சேத்துக்கிடணும், யாரும் எதிர்த்துப் பேச மாட்டாங்க. நான் ஒரு கட்டை ஏத்தி வச்சேன், ஐசக் அண்ணன் அதுக்குக் கம்பியை முறுக்குனாக. முறுக்க முறுக்க இறுகுதுன்னு முனங்குனாக, கடைசியில ஒரு கம்பி டப்புனு அறுந்து கன்னத்துல அடிச்சிட்டு. பழைய கம்பியை மாத்துங்கண்ணேன்னேன். சரின்னாக.

அக்கா பாட ஆரம்பிச்சா. முதல் பாட்டு சமாளிச்சா. ரெண்டாவது அவளோட பாட்டு, அந்தத் தாலாட்டு. ஊர் ஊரா 'ஒன்ஸ்மோர்' கேட்டு வாங்குன பாட்டு. சரணத்துல ஒரு வரி மேல ஏறி, அங்ஙனயே நின்னு, ஊஞ்சல் மாதிரி ஆடிட்டுக் கீழ வரும். அந்த இடத்துல அக்கா போய்ச் சேரல. ஒரு கட்டைக்குக் கீழயே நின்னுட்டா. "அக்கா, சுருதி இறங்குது"ன்னேன். மறுபடியும் எடுத்தா. குரல் கீறிச்சு.

இறக்கி வச்சுக்கிடலாம்க்கா, கேக்குதவங்களுக்குத் தெரியவா போகுதுன்னு சொன்னேன். அக்கா ஒத்துக்கல. இத்தனை வருஷம் அஞ்சு கட்டையில பாடுனேன், அதை இறக்கிப் பாடுனா நான் எதைத் தெரிஞ்சுக்கிட வந்தேனோ அது தெரியாமப் போயிரும்ட்டின்னுட்டா.

ஆபரேஷன்தான் காரணம். தொண்டையில கை வச்சா அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து சரியாச் சாப்பிடல நான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டிவியும் கெட்டுப்போச்சு. செய்திக்கு முன்னால வருத மியூசிக் கூட இறங்கிக் கேக்கு. சத்தத்தைக் கூட்டி வச்சேன். இவுக வந்து குறைச்சாக. நான் கூட்டுனேன். காது டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வருவோமான்னு மெதுவாக் கேட்டாக. காலண்டர் கிழிக்க மறந்த மனுசனுக்கு என் காதைப் பத்தி என்ன கவலைன்னு கேட்டேன். ஈஸ்டர் சமயத்துல வந்த காய்ச்சலுக்கு அப்புறம் நீ அடுத்த வீட்டுக்குக் கேக்குத மாதிரி பேசுதேன்னாக. வீட்டுக்குள்ள ஃபேன் ஓடுது, அதான்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரெண்டாவது ஒத்திகை. எழுதவே கை வரல.

அக்கா காலையில இருந்து வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டுன்னு தொண்டையைப் பத்திரமா வச்சுட்டு வந்திருந்தா. அந்த வரி வந்துது. கண்ணை மூடிக்கிட்டு மேல தாண்டுனா. தொண்டை அடைச்சு, காத்துதான் வந்துது, சத்தம் வரல. இன்னொரு தடவைன்னா. அதுவும் அப்படியே. மூணாவது தடவை எடுக்கும்போதே அழுதுட்டா. சுடலைமணி அண்ணன் குச்சியைக் கீழ வச்சிட்டாக.

அக்கா முகத்தைத் துடைச்சா. எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தா. "தெரிஞ்சுக்கிட வந்தேன், தெரிஞ்சுபோச்சு. சின்னப் பிள்ளைக யாரையாவது போட்டுக்கிடுங்க அண்ணே"ன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டுனா. நான் பின்னாலயே படியில ஓடுனேன். உன் மேல ஒண்ணும் இல்லட்டி, நீ நல்லாத்தான் வாசிக்கன்னு என் கன்னத்தைத் தட்டிட்டு ஆட்டோ ஏறிட்டா.

ஆகஸ்ட் 6, புதன்

பரண்ல இருந்து எல்லாப் பாத்திரத்தையும் இறக்கி விளக்கிட்டு மறுபடியும் ஏத்தி வச்சேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலேஜ்ல படிக்குத ஒரு பிள்ளை பாட ஒத்துக்கிட்டாளாம். அண்ணன் போன் பண்ணுனாக. நல்ல குரலாம், எந்தக் கட்டைக்கும் ஏறுதாளாம். அப்ப நிகழ்ச்சி நடக்கும். நான் வாசிப்பேன். சந்தோசப்படணும். வாசல்ல கோலப்பொடி கொட்டிக் கிடக்குன்னு பெருக்கப் போனேன், பாத்தா அது சுண்ணாம்பு. நாங்க எப்ப கோலம் போட்டோம்? மனசு இங்க இல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆர்கன்காரருக்கு இன்னைக்குக் காய்ச்சல். எங்க சபை போதகர், நாங்க ஐயர்னுதான் கூப்பிடுவோம், ஆராதனை தொடங்க முன்னால எங்கிட்ட வந்து, சலோமியம்மா நீங்க வாசிங்களேன்னாக. வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. கோயில்லயும் இப்ப மிதிக்குத ஆர்கன் கிடையாது, கீபோர்டுதான். அதுவும் இறங்கியே இருந்துது. பட்டனைத் தட்டி ஒரு கட்டை ஏத்தி வச்சேன்.

முதல் பாட்டு. முதல் வரி எல்லாரும் பாடுனாங்க. ரெண்டாவது வரியில கிழவர்க நிறுத்துனாக. பல்லவி திரும்பி வரும்போது முன்வரிசைப் பொம்பளைக தலையைக் குனிஞ்சு புத்தகத்தைத் தேடுதாங்க. மேல ஏறுத இடத்துல பாடகர் குழுவே கீச்சுனு கத்திச்சு, ஐயர் இருமுனாக. கோயில் முழுக்க ஒரு குரல் இல்லாம நான் மட்டும் தனியா வாசிச்சுக்கிட்டு இருந்தேன்.

நான் வாசிச்சுக்கிட்டேதான் யோசிச்சேன். இத்தனை பேருக்கும் தொண்டையில ஆபரேஷன் ஆகியிருக்காது.

அடுத்த பாட்டுக்குப் பட்டனைப் பழையபடி இறக்கி வச்சேன். என் காதுக்குச் சகிக்கல. ஆனா கோயில் பாடுச்சு. கூரை அதிரப் பாடுச்சு.

வெளிய வந்ததும் இவுக, முதல் பாட்டு நேரா பரலோகத்துக்கே எட்டியிருக்கும்னு கிண்டல் பண்ணுனாக. நான் சிரிக்கலைன்னதும் நிறுத்திட்டாக. அந்தக் கீபோர்டும் பழுதுதான் போல. கோயில் ஈரத்துல எதுதான் நல்லா இருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இவுக போன்ல சுருதி பாக்குத ஆப் ஒண்ணை இறக்கச் சொன்னேன். எதுக்குன்னு கேக்கல. நான் பட்டனைத் தொடாம ஒரு கட்டையை அமுத்துனேன். இவுக கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மீட்டர் படிக்குத மாதிரி குனிஞ்சு பாத்தாக. சரியா இருக்குன்னு காட்டுதுன்னாக. அடுத்த கட்டை. சரி. எல்லாம் சரி. பிறகு ஒரு கட்டை ஏத்தி வச்சு அமுத்துனேன். இப்பதான் தப்பாக் காட்டுதுன்னாக.

எனக்கு இப்பதான் சரியாக் கேட்டுது.

இவுக கண்ணாடியைக் கழட்டி வச்சாக. நாளைக்குப் போவோமான்னு கேட்டாக. புதன்கிழமை போவோம்னேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காது டாக்டர் வயசுல சின்ன பொம்பள. கண்ணாடி அறைக்குள்ள உக்கார வச்சு கிணிகிணின்னு சத்தம் விட்டாங்க. பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்த காதான்னு, நான் சொல்லதுக்கு முன்னாலயே கேட்டுட்டாங்க. இடது காது ரொம்ப நாளாவே கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ஞ்சிருக்கு, அந்தக் காய்ச்சல் மிச்சத்தையும் கெடுத்துட்டுன்னாங்க. சத்தம் குறைஞ்சது மட்டும் இல்ல, ஒரு சுருதி வேற சுருதியா உள்ள போகுதாம். சில பேருக்கு அப்படி ஆகுமாம். மெஷின் வச்சா சத்தம் கூடும், சுருதி திரும்புமான்னு சொல்ல முடியாதாம்.

திரும்புமான்னு ஒரே கேள்விதான் கேட்டேன். நம்பிக்கை குடுக்க மாட்டேன்மான்னு சொன்னாங்க. நல்ல டாக்டர். எனக்குப் பிடிக்கல.

வீட்டுக்கு வருத வழியில மாம்பழம் வாங்கலாமான்னு இவுக கேட்டாக. நடு ரோட்டுல நின்னு அழுதேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இப்படிச் செய்யலாம். யார்கிட்டயும் எதையும் சொல்ல வேண்டாம். பட்டனைத் தொடாம விட்டுட்டா கீபோர்டு சரியா இருக்கும். விரலுக்குப் பாட்டு தெரியும். அக்காவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்து பாடிப் பாருங்கன்னு சொன்னாப் போதும். அவ சுளுவா எட்டிருவா. தொண்டை தேறிட்டுன்னு நினைச்சுக்கிடுவா. என் காது என்னோடயே இருக்கட்டும். சலோமி காதுக்கு என்ன ஆச்சுன்னு ஊருக்கு எதுக்குத் தெரியணும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கூப்பிட்டேன். வர மாட்டாளாம். கொஞ்சினேன், சண்டை போட்டேன், அண்ணன் வருத்தப்படுதாகன்னு பொய் சொன்னேன். அக்கா குரல் மாறவே இல்ல. பாத்தாச்சுட்டி, இனி அந்த ஆசை வேண்டாம், மறுபடியும் எட்டலைன்னா எனக்குத் தாங்காதுன்னுட்டா. சுருதிப் பெட்டியைக் கூட தெருவுல ஒரு பஜனை மடத்துக்குக் குடுத்துட்டாளாம்.

அப்ப ஒரே வழிதான் இருக்கு. நேர்ல போயி உள்ளதைச் சொல்லணும்.

ஆகஸ்ட் 16, சனி

போகல. மாவு ஆட்ட வேண்டியிருந்துது.

ஆகஸ்ட் 18, திங்கள்

போகல. பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, டவுன் பஸ் ரெண்டு வந்து போறதைப் பாத்துட்டுத் திரும்பி வந்தேன். சொல்லிட்டா நான் யாரு? பாளையங்கோட்டையில குழம்பு வைக்க ஆளா இல்லை. அந்தக் காதை வச்சுத்தான் நான் சலோமி. எங்கப்பா கதவைச் சாத்துனதையும் தாண்டி என்னை வெளிய கூட்டிட்டு வந்தது அந்தக் காதுதான்.

கூட்டிட்டு வந்தது அக்கா. அதையும் எழுதணும்.

ஆகஸ்ட் 20, புதன்

போயிட்டேன்.

அக்கா வீடு சந்துக்குள்ள. முற்றத்துல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. மருமக காப்பி குடுத்துட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. நானும் ஒரு கொத்தை எடுத்து உருவுனேன். வெயிலைப் பத்திப் பேசுனேன். கீரை விலையைப் பத்திப் பேசுனேன். பிறகு தலையை நிமித்தாமலேயே எல்லாத்தையும் சொன்னேன். கீபோர்டு, பட்டன், கோயில், டாக்டர். ஒத்திகையில நீங்க பாடுனது அஞ்சு கட்டை இல்ல, அதுக்கும் மேல ஒரு கட்டைன்னு சொன்னேன்.

அக்கா கை நிக்கல, கீரையை உருவிக்கிட்டே இருந்தா.

"அப்ப என் தொண்டைக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. என் காதுதான்."

"உனக்கு என்னைக்குத் தெரியும்?"

போன ஞாயித்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமைன்னேன். அக்கா கை அப்பதான் நின்னுது.

"பேத்தியைத் தூங்க வைக்கக்கூட வாய் திறந்து பாடாம நான் கிடக்கேன். பாத்திரம் தேய்க்கும்போது அழுகேன். உனக்குத் தெரிஞ்சும் இத்தனை நாளு வீட்டுல உக்காந்திருந்திருக்க."

ஆமான்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. நான் போயிரலாம்னு காப்பி டம்ளரைக் கழுவி வச்சேன். அப்ப உள்ள இருந்து பாட்டு வந்துது. அந்தத் தாலாட்டு. முதல்ல முனங்கலா, பிறகு வாயைத் திறந்து. பாடிக்கிட்டே வெளிய வந்து என் முன்னால நின்னா. மேல ஏறுத வரி. ஏறுனா, நின்னா, ஆடுனா, இறங்குனா. மாடியில குழந்தை சிணுங்குனது நின்னுபோச்சு.

"சரியா இருக்காட்டி?"

என் காதுக்கு அது இறங்கித்தான் கேட்டுது. ஒரு கட்டை இறங்கி. அவ சுருதியிலதான் பாடுனாளா, நிசமாவே கீழ பாடுனாளா, எனக்குப் பிரிக்கத் தெரியல. நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா அவ நம்பிருவா. காலமெல்லாம் என் வார்த்தையைத்தானே நம்புனா.

"தெரியலக்கா"ன்னேன். "எனக்கு இனிமே தெரியாதுக்கா."

அப்படியே உடைஞ்சு அழுதுட்டேன். அக்கா கீரையை ஒதுக்கிட்டு என் பக்கத்துல உக்காந்தா. உனக்கு எப்படிக் கேக்குன்னு கேட்டா. சொன்னேன். கோயில் மணி, குக்கர் விசில், இவுக குரல், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கீழ இறங்கி வேற ஊருல இருக்க மாதிரி இருக்குக்கான்னேன். அவ என் இடது காதை ஒரு நேரம் உள்ளங்கையால பொத்திப் பிடிச்சா. கோபம் போச்சான்னு தெரியல. ஆனா கையை எடுக்கல.

கிளம்பும்போது அக்கா சொன்னா, அவ பாடுவாளாம். ஆனா நான்தான் வாசிக்கணுமாம். காது இல்லாம எப்படிக்கா வாசிக்கன்னு கேட்டேன்.

"கழுத்துல கத்தி வச்சவ பாடலாம், காது கெட்டவ வாசிக்கக் கூடாதாக்கும்?"

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஐசக் அண்ணனுக்கும் சுடலைமணி அண்ணனுக்கும் நானே சொல்லிட்டேன். ஸ்பீக்கர் பக்கத்துல உக்கார வச்சது நான்தானேன்னு சுடலைமணி அண்ணன் கேட்டாக. நானாத்தான் நாற்காலியைப் போட்டேன் அண்ணேன்னு சொன்னேன். காலேஜ் பிள்ளை ரெண்டு பாட்டு பாடுதா, மத்தது எல்லாம் அக்கா. ஐசக் அண்ணன், அப்ப என் கம்பி அறுந்ததுக்கு ஒரு புதுக் கம்பி வாங்கிக் குடுன்னாக. குடுத்துட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஒத்திகை நல்லபடியா முடிஞ்சுதாம். 'தாம்'னுதான் எழுதணும். நான் தொடுதது ஒண்ணு, காதுல விழுதது வேற ஒண்ணு. சோத்துல கல்லு கிடக்குன்னு தெரிஞ்சும் மென்னு முழுங்குத மாதிரி இருந்துது. விரலைக் காது இழுக்கு. நடுவுல ரெண்டு தடவை தடுமாறுனேன். வீட்டுக்கு வந்து தலைவலி. வேண்டாம்னு சொல்லிரலாமான்னு இவுககிட்ட கேட்டேன். சொல்லதுன்னா இப்ப சொல்லு, மண்டபத்துல வச்சு சொல்லாதேன்னாக. சொல்லல.

ஆகஸ்ட் 30, சனி

நேத்து நடந்ததை எழுதிட்டுத்தான் காப்பி போடணும்.

வண்ணார்பேட்டை மண்டபம், நல்ல கூட்டம். பொண்ணு மாப்பிள்ளையை யாரும் பாக்கல, எல்லாரும் பந்திக்கு இடம் பிடிக்க ஓடுதாங்க. எங்களையும் யாரும் பாக்கல. காலேஜ் பிள்ளை பாட்டு ரெண்டும் முடிஞ்சுது. அடுத்து அக்கா. அட்டிகை போடாம வந்திருந்தா, தழும்பு பளிச்சுனு தெரிஞ்சுது.

தாலாட்டை எடுத்தா. பல்லவி வரைக்கும் விரலை மட்டும் பாத்துக்கிட்டு வாசிச்சேன். அனுபல்லவியும் போச்சு. சரணத்துல அந்த வரி நெருங்க நெருங்க என் காது சும்மா இருக்கல. இறங்குது, இறங்குது, ஏத்துன்னு கத்துது. அந்தப் பட்டன் இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்துலயே மினுக்மினுக்குனு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. இத்தனை வருஷமா காது சொன்னதும் விரல் போயிரும், நான் நடுவுல யோசிச்சதே கிடையாது. இப்பவும் விரல் கிளம்பிட்டு. அதை மடக்கி உள்ளங்கைக்குள்ள பிடிச்சுக்கிட்டு மிச்ச விரலால வாசிச்சேன். காது சொல்லுததைக் கேக்கக் கூடாதுன்னு கண்ணை அக்கா கழுத்துல வச்சேன். தழும்புக்கு மேல நரம்பு புடைக்குது. அவ மேல ஏறுனா.

பந்தியில இருந்து எச்சில் கையோட ஒரு ஆளு எந்திரிச்சு மேடையைப் பாத்தாரு. பக்கத்துல இருந்தவங்களும் திரும்புனாங்க. பரிமாறுதவங்க வாளியை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அக்கா அங்ஙனயே நின்னு, ஆடி, மெதுவா இறங்கி வந்தா. என்ன சுருதியில நின்னான்னு எனக்குத் தெரியாது. கைதட்டலும் எனக்கு ஒரு மாதிரி இறங்கித்தான் கேட்டுது.

தண்ணி குடிக்குத சாக்குல அக்கா என் பக்கம் வந்தா. அவ மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தா.

"அக்கா, எட்டுச்சா?"

அவ என் மூஞ்சியைப் பாத்தா. எனக்கு நிசமாவே தெரியலைங்கது அவளுக்கு அப்பதான் முழுசாப் புரிஞ்சுது போல, கண்ணு கலங்கிட்டு.

"எட்டுச்சுட்டி"ன்னா. "நீயும் கூடத்தான் வந்த."

கூட்டம் 'ஒன்ஸ்மோர்' கேட்டுது. சுடலைமணி அண்ணன் குச்சியைத் தட்டுனாக. அக்கா மறுபடியும் பாடுனா. எனக்கு ஒண்ணுகூடச் சரியாக் கேக்கல. ஒரு கட்டையைக்கூட விடாம வாசிச்சேன்.